டிராயரில் கிடக்கும் பென் டிரைவ்: எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது?

2000-ஆம் ஆண்டு கடைசியில் ஐபிஎம் பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பென் டிரைவின் கொள்ளளவு 8 எம்பி. இன்றைக்கு செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களிலேயே அது நிரம்பிவிடும். இப்போது 32 ஜிபி, 64 ஜிபி டிரைவ்களே வீட்டுக்கு வீடு சும்மா கிடக்கின்றன. ஃபைல் அனுப்ப வாட்ஸ்அப்பும் கூகுள் டிரைவும் வந்தபிறகு அவற்றைத் தேடுவாரில்லை. பழைய பென் டிரைவை இப்படியும் பயன்படுத்தலாம், அப்படியும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பட்டியல்களுக்குக் குறைவில்லைதான். ஆனால் நல்ல யோசனையும் உருப்படாத யோசனையும் அவற்றில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

விலை குறைந்த பென் டிரைவ் படிப்பதில் கெட்டி, எழுதுவதில் சோம்பேறி. பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றினால் சமாளித்துவிடும். ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்களை மாற்றி மாற்றி எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் செல்களை அழித்து எழுதுவதற்கும் ஓர் எல்லை உண்டு. கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் அந்தத் தேய்மானத்தை எல்லாச் செல்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் நல்ல கன்ட்ரோலர் இருக்கும். மலிவு பென் டிரைவில் அது பேருக்குத்தான். ஆகவே எந்த யோசனை வந்தாலும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். இது டிரைவில் எவ்வளவு எழுதும்? டிரைவ் நாளைக்கே செத்துப்போனால் என்ன போகும்?

ரூஃபஸா, வென்டாயா?

இந்த இரண்டு கேள்விகளிலும் முதல் மார்க் வாங்குவது பூட்டபிள் டிரைவ், அதாவது கம்ப்யூட்டரைத் துவக்கி விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவ உதவும் டிரைவ். ஒருமுறை எழுதினால் போதும், அதன்பிறகு படிப்பு மட்டுமே. டிரைவ் கெட்டாலும் நஷ்டமில்லை. இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

இதற்கு இலவசமாகக் கிடைக்கும் ரூஃபஸ், வென்டாய் என்ற இரண்டு மென்பொருள்களின் போக்கு வேறு வேறு. ரூஃபஸ் ஒரு டிரைவில் ஒரு ஐஎஸ்ஓவைத்தான் ஏற்றும். வேறொன்று வேண்டுமென்றால் முழுவதையும் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். வென்டாயை முதல்முறை டிரைவில் நிறுவும்போது மட்டும் எல்லாம் அழியும். அதன்பிறகு ஐஎஸ்ஓக்களைப் பாட்டு காப்பி செய்வதுபோல் காப்பி செய்தால் போதும். கம்ப்யூட்டரை அதிலிருந்து பூட் செய்யும்போது எது வேண்டும் என்று மெனு கேட்கும். மிச்ச இடத்தில் சாதாரண ஃபைல்களையும் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ரூஃபஸ் எதற்கு? விண்டோஸ் 11-க்கு. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இல்லாத பழைய மெஷினிலும் நிறுவும்படி அந்தச் சோதனைகளை நீக்கிவிடும் வசதியை அது டிக் போடும் பெட்டியாகவே தருகிறது. வென்டாயில், அங்கீகரித்த மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்களில் முதல்முறை ஒரு நீலத்திரை வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். பழக்கமில்லாதவர் வைரஸ் என்று நினைத்து டிரைவைப் பிடுங்கிவிடுவார். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே வேலை என்றால் ரூஃபஸ் போதும். சொந்தக்காரர்கள் எல்லாரும் "கொஞ்சம் என் லேப்டாப்பைப் பாரேன்" என்று கூப்பிடும் ஆளாக நீங்கள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வென்டாய். 32 ஜிபி டிரைவில் விண்டோஸ் 11, அதற்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் வேலைக்கு ஜிபார்ட்டெட், டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க குளோன்சில்லா, ரேம் சோதிக்க மெம்டெஸ்ட்86+ எல்லாம் அடங்கும்.

லைவ் லினக்ஸும் போர்ட்டபிள் ஆப்ஸும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்குத் தகுதியில்லாத லேப்டாப்பைப் பழைய விலைக்குத் தள்ளுவதற்கு முன்னால், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சவுண்டு கேட்கிறதா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். விண்டோஸ் பூட் ஆகாமல் படுத்துவிட்டால் உள்ளே மாட்டிய போட்டோக்களை வெளியே எடுப்பதும் இதே வழியில்தான். ஒரு நிபந்தனை: டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் பூட்டியிருந்தால் ரிகவரி கீ கையில் இருக்க வேண்டும்.

சிலர் இதையே நிரந்தர ஏற்பாடாக்கி, செட்டிங்ஸும் ஃபைல்களும் சேமிக்கப்படும்படி பென் டிரைவிலேயே தினமும் லினக்ஸ் ஓட்டுகிறார்கள். பிரவுசர் மட்டுமே ஓயாமல் பொடி ஃபைல்களை எழுதித் தள்ளும். மெதுவாகவும் இருக்கும், டிரைவின் ஆயுளும் குறையும். அந்த ஆசை இருந்தால் பழைய சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி கேஸில் போட்டுச் செய்யுங்கள். மாறாக டெய்ல்ஸ் என்ற லினக்ஸ் பென் டிரைவுக்கென்றே பிறந்தது. 8 ஜிபி போதும், ரேமிலேயே ஓடும், நீங்களாகக் கேட்டால் ஒழிய எதையும் சேமிக்காது, இணையப் போக்குவரத்து முழுவதையும் அனுப்புபவர் யாரென்று மறைக்கும் டார் வலையமைப்பு வழியே அனுப்பும்.

போர்ட்டபிள் ஆப்ஸ் வேறு ரகம். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி எல்லாவற்றையும் டிரைவிலேயே வைத்துக்கொண்டு, கல்லூரி லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ நிறுவாமல் ஓட்டுவது. ரீஸ்டார்ட் வேண்டாம் என்பது பெரிய சௌகரியம். லேபில் பூட் செய்ய விடவும் மாட்டார்கள். ஆனால் பிரவுசர் உங்களுடையது என்பதால் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் தட்டும் எழுத்துகளைக் களவாடும் கீலாகர் இருந்தால் உங்கள் பாஸ்வேர்டும் போகும். லைவ் லினக்ஸில் அந்த மெஷினின் விண்டோஸே ஓடாது என்பதால், மென்பொருள் வகைக் கீலாகர் அங்கே செல்லாது. ரிப்போர்ட் டைப் செய்ய போர்ட்டபிள் ஆப்ஸ் சரி. வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

பூட்டும் பாட்டும்

சான்றிதழ் ஸ்கேன்களை டிரைவில் எடுத்துப்போகிறவர்கள் பூட்டித்தான் எடுத்துப்போக வேண்டும். பிட்லாக்கரில் வேலை சுலபம். ஆனால் டிரைவைப் பூட்ட விண்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோம் பதிப்பில் திறக்க மட்டுமே முடியும். இதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் இலவசம், லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். அடுத்தவர் மெஷினில் அட்மின் உரிமை கேட்டு நிற்பதுதான் அதிலுள்ள தொல்லை.

காருக்குப் பாட்டு போட 4 ஜிபி டிரைவே போதும். ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்யுங்கள்; பல கார் ஸ்டீரியோக்கள் மற்ற வகைகளான என்டிஎஃப்எஸ்ஸையும் எக்ஸ்ஃபேட்டையும் கண்டுகொள்ளாது. பாட்டு வரிசை மாறி வருகிறதென்றால், சில ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையை விட்டுவிட்டு காப்பி ஆன வரிசையில் பாடும். ஃபார்மட் செய்து வரிசையாகக் காப்பி செய்தால் சரியாகிவிடும். டிவியில் படம் பார்க்க இதே டிரைவ் ஒத்துவராது. ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நல்ல தரத்தில் உள்ள படம் தாண்டிவிடும்.

வேண்டாம் என்று சொல்வேன்

ரெடிபூஸ்ட். பென் டிரைவை ரேமுக்குத் துணையாக்கும் இந்த வசதி 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. 512 எம்பி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் இருந்த காலத்துக்கு அதில் அர்த்தம் இருந்தது. எஸ்எஸ்டி மாட்டிய மெஷினில் பயன் இல்லை என்று விண்டோஸே சொல்லிவிடும்.

அதைவிட ஆபத்து, பென் டிரைவைப் பெட்டகமாக நினைப்பது. கல்யாண வீடியோவை டிவிடிக்குப் பதிலாக ஸ்டூடியோக்காரர்கள் பென் டிரைவில் தருகிறார்கள். அதை அப்படியே பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் கிடந்தால் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். கைக்கு வந்த அன்றே எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று நகல் எடுத்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு ஒன்று

2010-ல் ஆரம் பார்தோல் என்ற ஜெர்மன் கலைஞர் நியூயார்க்கில் ஐந்து இடங்களில் சுவருக்குள் பென் டிரைவ்களைச் சிமென்ட் வைத்துப் பூசி, யார் வேண்டுமானாலும் லேப்டாப்பைச் செருகி ஃபைல் பரிமாறிக்கொள்ளலாம் என்று விட்டார். அழகான யோசனை. ஆனால் யுஎஸ்பி வழியே பரவிய ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்குநிரல் வெளிச்சத்துக்கு வந்ததும் அதே ஆண்டுதான். நம் ஊரில் சுவரே வேண்டாம், பிரிண்ட் எடுக்கும் கடைக் கம்ப்யூட்டர் போதும். எத்தனை பேர் டிரைவ் அதில் ஏறி இறங்கியிருக்கும்!

இருந்தும், ஆதார் நகலைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதைவிட பென் டிரைவே மேல் என்பேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் போனில் ஒன்று, கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் ஒன்று என்று நகல்கள் அங்கேயே தங்கிவிடும். டிரைவிலிருந்து நேராகத் திறந்து பிரிண்ட் கொடுத்தால், பெரும்பாலும் டிரைவோடு ஃபைலும் உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கென்று இருப்பதிலேயே சின்ன டிரைவ் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். தேவையான பிடிஎஃப் மட்டும் அதில் போகட்டும். திரும்பி வந்து பார்த்தால் ஃபோல்டர்களுக்குப் பதில் ஷார்ட்கட்கள் நிற்கலாம்; அது வைரஸின் வேலை. எதையும் கிளிக் செய்யாமல் ஃபார்மட் செய்துவிடுங்கள். ஒரிஜினல் வீட்டு கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது.