புதியவருக்கு எது ஏற்றது: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஆ, டெக்கன் 8-ஆ?

கோடை விடுமுறையில் காரைக்குடி வளவு வீட்டில் கூடும் உறவுப் பிள்ளைகளுள் பழகியவரும் புதியவரும் சேர்ந்து ஆட ஒரே ஒரு சண்டை வீடியோ விளையாட்டை வாங்குவதென்றால், அதில் மோதும் கதாபாத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியன்று.

2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 தொடக்கத்திலேயே 32 கதாபாத்திரங்களைத் தந்தது. 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 தந்தது 18 மட்டுமே. ஆனால் டெக்கனில் ஒவ்வொருவரின் அடிப்பட்டியலும் மிக நீளமானது. எதிராளியின் அடிகளையும் அறிந்தால்தான் சரியாகத் தடுக்க முடியும் என்பதால், அந்தப் பெருங்கூட்டமே புதியவருக்குச் சுமையாகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரிலோ நெருங்கிப் பிடித்து வீசும் ஸாங்கீஃப், கைகளை நீட்டித் தொலைவிலிருந்தே அடிக்கும் தால்சிம் என வேறுபாடு பார்த்தவுடன் புலப்படுகிறது. என் கணக்கில் உண்மையான பன்மை இதுதான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் 'மாடர்ன்' எனும் எளிய கட்டுப்பாட்டு முறையில் சிறப்பு அடிகள் ஒரே பொத்தானில் வரும். அதற்கு ஈடாக அவை விளைவிக்கும் சேதம் 20 விழுக்காடு குறையும். டெக்கனின் 'ஸ்பெஷல் ஸ்டைல்' எனும் எளிய முறையை ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது பாராட்டத்தக்கது. எனினும், எதிராளியின் தொலைவை ஒலியாலேயே உணர்த்திப் பார்வையற்றவரையும் களத்துக்கு அழைக்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டரையே நான் முதலில் வாங்கச் சொல்வேன்.