மதனியா, இக்பாலா? முல்லா வீதியில் ஆறிப்போன ஒரு டீ

என் நன்னாவும் (தாத்தா) அவர் தம்பியும் முல்லா வீதியில் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சைகோனில் ஜவுளி வியாபாரம் பார்த்துவிட்டு வந்த சின்ன நன்னா எழுதிக் கொடுத்தார், நன்னா கொடுக்கவில்லை. அவ்வளவுதான், அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இருவரும் ஒரே பள்ளிவாசலுக்குத்தான் போனார்கள், ஒரே ஸஃப்பில், தொழுகை வரிசையில், நின்றார்கள், பெருநாளைக்கு ஒரே சட்டியில் சோறு.

போன வாரம் இஷா தொழுகை முடிந்து டீக்கடையில் நின்றபோது மச்சான் ஒருவர், "முஸ்லிமுக்கு என்ன நாடு, உம்மத்துதான் எல்லாம், இக்பால் அன்றைக்கே சொல்லிவிட்டாரே" என்று ஆரம்பித்தார். உம்மத்து என்றால் உலக முஸ்லிம் சமூகம், இக்பால் லாகூர்க் கவிஞர். அவரோடு மோதிய மார்க்க அறிஞர் மதனி, நான் மதனி கட்சி. கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம், பேச்சு முடியவில்லை. அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1938 ஜனவரியில் டில்லிக் கூட்டம் ஒன்றில் ஹுசைன் அஹ்மத் மதனி, இந்தக் காலத்தில் கௌம் என்கிற மக்கள் கூட்டம் வதனால், அதாவது நாட்டால், உருவாகிறது, மதத்தால் அல்ல என்ற பொருளில் பேசினார். பேசியவர் சாதாரண ஆளில்லை. தேவ்பந்த் தாருல் உலூம் மதரஸாவின் தலைமை ஆசிரியர், முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் மால்டாவில் கொண்டுபோய் அடைத்து வைத்தவர். லாகூரில் நோயில் படுத்திருந்த இக்பாலுக்குச் செய்தி போனது. பாரசீகத்தில் மூன்றே ஈரடிகள் எழுதினார்: மிம்பர் மேடையில் நின்று மில்லத் வதனால் ஆகிறது என்று பாடுகிறாரே, முஹம்மது நபியின் நிலையை இவர் அறியவில்லையே என்று.

கவனியுங்கள், மதனி சொன்ன சொல் கௌம். இக்பால் சாடிய சொல் மில்லத். மொத்தச் சண்டையும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மில்லத் என்பது மார்க்கத்தால் சேர்ந்த கூட்டம், கௌம் என்பது எதனாலும் சேரலாம், ஊரால், மொழியால், தொழிலால்கூட. குர்ஆனில் நூஹ் நபியும் ஹூத் நபியும் ஸாலிஹ் நபியும் தங்களை மறுத்தவர்களைப் பார்த்து "யா கௌமீ", என் கூட்டத்தாரே, என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஈமான் கொள்ளாதவனும் நபியின் கௌமாக இருக்க முடிகிறது, அப்புறம் என்ன என்பது மதனியின் கேள்வி. நான் நடப்பைச் சொன்னேன், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்யவில்லை என்றும் விளக்கினார். அந்த விளக்கம் வந்தபிறகு, இனி ஆட்சேபிக்க எனக்கு உரிமை இல்லை என்று இக்பாலே எழுதிவிட்டு, ஏப்ரலில் காலமானார். வாபஸ் வாங்கியதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, கவிதை மட்டும் நின்றுவிட்டது. நல்ல கவிஞனோடு சண்டை போட்டால் இதுதான் கதி.

இக்பாலை லேசாக ஒதுக்கிவிடவும் முடியாது. புதிய தெய்வங்களில் பெரியது தாய்நாடு, அது உடுத்தும் உடை மதத்துக்குக் கஃபன், பிணத்தைப் போர்த்தும் துணி, என்று அவர் எழுதியபோது, மனதில் இருந்தது கடலூரோ புதுச்சேரியோ இல்லை, தேசம் தேசம் என்று மோதிக்கொண்ட ஐரோப்பா. அந்தப் பயம் நியாயமானது, இன்றைக்கும் பொருந்தும். ஆனால் மண்ணைத் தெய்வமாக்காதே என்றவர்தான் 1930இல் அலகாபாத்தில் வடமேற்கே முஸ்லிம்களுக்கென ஒரு அரசு வேண்டும் என்று பேசினார். அந்த வழியில் வந்த பாகிஸ்தான் 1971இல் மொழியால் உடைந்தது. மில்லத் ஒன்றாக இருந்தும் கௌம் இரண்டாகப் போனதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கே தேடுவது?

இன்னொரு மார்க்க அறிஞர் மௌதூதி இருவருக்கும் எதிர். காங்கிரஸ் தேசியமும் வேண்டாம், முஸ்லிம் லீக்கின் முஸ்லிம் தேசியமும் வேண்டாம், இரண்டுமே மேற்கத்தியச் சரக்கு, இறையாட்சி ஒன்றே வழி என்றார், 1941இல் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். தர்க்கம் கச்சிதம், எனக்குப் பயமே அந்தக் கச்சிதம்தான். பாகிஸ்தானில் 1953 கலவரத்தை விசாரித்த முனீர் கமிஷனின் 1954 அறிக்கையில் ஒரு கேள்வி பதில் இருக்கிறது. நீங்கள் இங்கே மத அரசு அமைத்தால் இந்தியாவில் இந்துக்களும் அமைக்கலாமா என்ற கேள்விக்கு, தாராளமாக, அங்கே முஸ்லிம்களுக்கு மனு சட்டம் வந்து சூத்திரர்களைப் போல நடத்தினாலும் ஆட்சேபணை இல்லை என்றார் மௌதூதி. மனு சட்டம் என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லாகூரில் உட்கார்ந்து சொல்வது சுலபம், கேட்கிறவன் பரங்கிப்பேட்டையில் அல்லவா இருக்கிறான்? (இந்தியாவில் தங்கிவிட்ட ஜமாஅத் பின்னாளில் மதச்சார்பற்ற ஜனநாயகத்தோடு ஒத்துப்போனது, அது வேறு கதை.)

சரி, அபுல் கலாம் ஆசாத்? அரசியலில் மதனியும் அவரும் ஒரே அணி. 1940 ராம்கர் காங்கிரஸில், நான் முஸ்லிம் என்பதில் பெருமை, பிரிக்க முடியாத இந்தியத் தேசியத்தில் ஒரு பங்கு என்பதிலும் பெருமை என்று அவர் பேசியதைப் படித்தால் இன்றும் சிலிர்க்கும். ஆனால் ஆசாத் இன்னும் ஒரு அடி போகிறார். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூராவுக்கு எழுதிய விரிவுரையில், தீன் (மார்க்கம்) என்பது எல்லா வேதங்களுக்கும் ஒன்றே, வழிமுறைகள்தான் வேறு என்று வாதாடுகிறார். அப்படியென்றால் கடைசி நபியைப் பின்பற்றுவது எதற்கு என்று உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நான் மதனி கட்சியானேன். பக்கத்து வீட்டுக்காரரோடு நிம்மதியாக வாழ, அவர் சாமியும் என் இறைவனும் அடிப்படையில் ஒன்று என்று முதலில் நிரூபித்தாக வேண்டுமா? மதனிக்கு அது தேவையே இல்லை. அகீதாவில், நம்பிக்கைக் கொள்கையில், அவர் அசையாத பழைமைவாதி. அவர் கையில் எடுப்பது நபி காலத்து மதீனா உடன்படிக்கையை: யூதர்களும் முஃமின்களும் (விசுவாசிகளும்) சேர்ந்து ஓர் உம்மத், யூதர்களுக்கு அவர்கள் தீன், முஸ்லிம்களுக்கு அவர்கள் தீன். இது ஒப்பந்தம். வீட்டு வாடகைக்குக் கையெழுத்துப் போடும்போது சொந்தக்காரரின் கொள்கையை நாம் ஒத்துக்கொள்வதில்லையே, அது மாதிரி.

எங்கள் பக்கத்தில் மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி வரும்போது, தர்கா பக்கம் முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வார்கள். சின்ன வயதில் வாப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கூட்டமும் மேளமும் வியர்வை வாடையும். அன்று யாரும் மதம் மாறவில்லை, யாரும் எல்லாம் ஒன்று என்று பேசவுமில்லை. வேடிக்கை என்னவென்றால், மதனி இதைப் பார்த்திருந்தால் தேவ்பந்து ஆலிமாகத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். மச்சானும் ஷிர்க், இறைவனுக்கு இணைவைப்பு, என்பார். ஆனால் மதனியின் ஒப்பந்தத்தில் கிள்ளைக்காரர்களுக்கும் இடம் உண்டு, மௌதூதியின் ஆட்சியில் எனக்குச் சந்தேகம்தான்.

மதனியிடம் ஓட்டை இல்லாமல் இல்லை. மதீனாவில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல நபி இருந்தார். அந்த உடன்படிக்கையே சில ஆண்டுகளில் முறிந்தது. இங்கே எண்ணிக்கையில் பெரியவர்கள் ஷரத்தை மாற்றினால் யாரிடம் போவது? மௌதூதி அன்று கேட்ட இந்தக் கேள்விக்கு மதனியின் எழுத்தில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

சின்ன நன்னாவின் பேத்தி பாரிஸ் புறநகரில் படித்தவள். பள்ளிகளில் மத அடையாளங்களைத் தடுத்த 2004 சட்டத்துக்குப் பிறகு தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் முக்காட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைப்பாளாம், சாயங்காலம் அதே இடத்தில் நின்று மறுபடி போட்டுக்கொள்வாளாம். அவள் கௌமின் ஒப்பந்தம் அப்படி. இதை டீக்கடையில் சொன்னேன். மச்சான் விடவில்லை, "கர்நாடகாவில் மட்டும் என்ன வாழ்ந்தது?" என்றார். வாஸ்தவம்தான், அங்கேயும் வகுப்பறையில் ஹிஜாபைத் தடுத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் உம்மத்தின் பெயரைச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகவில்லை, அரசியல் சட்டத்தைக் காட்டித்தான் போனார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதி, தலைமை நீதிபதி வேறு அமர்வு அமைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள்.