வெளியே குயில், காதுக்குள் அமேசான்

சிங்கப்பூரில் கட்டாய தேசிய சேவையில் இருந்தபோது நண்பன் கொடுத்த ஒரு கேசட்டில்தான் பிரெஞ்சு மின்னணு இசைக் கலைஞர் ழான் மிஷெல் ழாரை முதலில் கேட்டேன். 1976இல் வந்த ‘ஆக்சிஜன்’. பாரிசில் தன் வீட்டிலேயே எட்டு டிராக் ரெக்கார்டரை வைத்து அவர் செய்தது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவருடைய ஆல்பம் எதையும் நான் விட்டதில்லை.

2015, 2016இல் வந்த இரண்டு ‘எலெக்ட்ரானிகா’ ஆல்பங்களும் எனக்கு ஒட்டவே இல்லை. மோபி, லாங் லாங், பெட் ஷாப் பாய்ஸ், ஹான்ஸ் ஜிம்மர் என்று விருந்தாளிக் கலைஞர்கள், கல்யாண வீட்டுக் கூட்டம். வீட்டுக்காரர் குரல்தான் கேட்கவில்லை. ஜெர்மன் மின்னணு இசைக்குழு டேஞ்சரின் டிரீமோடு செய்ததை மட்டும் இன்றும் கேட்கிறேன். அந்தக் குழுவின் எட்கர் ஃபுரோஸ் 2015 ஜனவரியில் காலமானார் என்பதும் ஒரு காரணம். அப்புறம் ‘ஆக்சிஜன் 3’, ‘ஈக்வினாக்ஸ் இன்ஃபினிட்டி’. பழைய ஆல்பங்களின் நாற்பதாம் ஆண்டுக்கு வந்தவை. நன்றாகவே இருக்கின்றன, ஆனால் முடிந்ததும் கை பழையதைத்தான் தேடுகிறது.

2021இல் ‘அமசோனியா’ வந்தது. செபஸ்தியாவ் சல்காடோவின் புகைப்படக் கண்காட்சிக்காகச் செய்த 52 நிமிட இசை. அமேசான் காட்டு மக்களின் குரல்களை ஜெனீவா இனவியல் அருங்காட்சியகத்தின் ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்திருக்கிறார். ஒருநாள் விடியற்காலை, எங்கள் ஐந்தாம் மாடி நடைபாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பறவை விடாமல் கூவியது. எவ்வளவு அழகாகச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்து ஹெட்ஃபோனைக் கழற்றினால், கூவல் நிற்கவில்லை. கீழே தூங்குமூஞ்சி மரத்தில் நம்ம ஊர்க் குயில்! மறுபடி மாட்டிக்கொண்டேன். அந்த இசையில் அதற்கும் இடம் இருந்தது.

2022இன் ‘ஆக்ஸிமோர்’ முதலில் பிடிபடவில்லை. வரவேற்பறை ஸ்பீக்கரில் வெறும் தட்டல், உரசல், மூச்சு. அன்றாட ஒலிகளையே இசையாக்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஆன்ரிக்கு அஞ்சலியாகச் செய்தது. ஆன்ரியின் மனைவி கொடுத்த ஒலிகளும் அதில் இருக்கின்றன. ஒரு மாதம் கழித்து, இரவின் கடைசி எம்ஆர்டி ரயிலில், ஒலி நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் கேட்கும் பைனாரல் பதிப்பை ஹெட்ஃபோனில் கேட்டேன். பிடரிக்குப் பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். திரும்பியே பார்த்துவிட்டேன், பெட்டியில் ஆளே இல்லை. 1960களின் கடைசியில் அதே வகை இசையின் முன்னோடி பியர் ஷேஃபரிடம் ழார் படித்த பாடமே இதுதான்: எந்த ஒலியும் இசைக்கு ஆகும். 74 வயதில் தன் வெற்றிகளை விட்டுவிட்டு அந்த வகுப்பறைக்கே திரும்பிப் போயிருக்கிறார். அதற்காகவே எனக்கு அவர் இன்னும் பெரியவராகத் தெரிகிறார்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘அமசோனியா’வில் தொடங்குங்கள், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. ‘ஆக்ஸிமோர்’ என்றால் ஹெட்ஃபோன் கட்டாயம்.