அல்சூரில் ஒரு 30 நாள் மதுவிடுப்புத் திட்டம்: யார் சேரலாம், எங்கே சறுக்குகிறது

சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் பாட்டிலைத் தொடாதவர்கள், மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கடை வாசலில் நிற்பதை பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வருஷா வருஷம் பார்க்கலாம். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. விரதத்தில் விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி, சாயங்கால பஜனை, 'சாமி' என்று கூப்பிடும் தெரு என்று நாள் முழுக்க ஒரு பிடிமானம் இருக்கிறது. மாலை கழன்றால் அதுவும் கழன்றுவிடுகிறது.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு முதல் மாடியில் நடக்கும் இந்தச் சின்ன மறுவாழ்வு மையம் கையில் எடுத்திருப்பது அந்தப் பிடிமானத்தைத்தான். குடி பிடித்து வைத்திருந்த நேரத்தில் இனி என்ன செய்வது என்பதே திட்டத்தின் மையக் கேள்வி. அதனால் பொறுப்பு, அன்றாடச் செயல்களையே சிகிச்சையாக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (ஓ.டி.) இருக்கிறது. புதிதாகப் படித்து முடித்த இருவர் முழுநேரமாக இருக்கிறார்கள். மனநல மருத்துவர் வாரம் இரண்டு நாள் வருகிறார். முதல் சந்திப்பு ஒன்றரை மணி நேரம், பிறகு வாரம் ஒரு முறை 45 நிமிடம், நடுவில் ஒரு வீட்டு வருகை. கட்டணம் 7,500 ரூபாய், மருத்துவருக்குத் தனி.

முதலில் பாதுகாப்பு. சேரும்போது குடிப் பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' படிவத்தில் 10 கேள்வி கேட்கிறார்கள். மொத்தம் 40 மதிப்பெண். 20-ஐத் தொட்டால் நேராக மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். இது சரி. ஆனால் காலையில் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற இரண்டையும் தனியாகக் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மனம் குழம்பி இல்லாததெல்லாம் தெரியும் ஆபத்தான நிலை இரண்டாம், மூன்றாம் நாளில் வரும். உயிரே போகலாம். இப்படிப்பட்டவர்கள் மருந்தோடும் தயமினோடும் (வைட்டமின் பி1) மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே போதை மருத்துவப் பிரிவு இருக்கிறது. போன் வழியாக உதவி கேட்க 14416 எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் உண்டு.

அளவு கணக்கில் ஒரு குறை. படிவத்தில் "எத்தனை பெக்?" என்று மட்டும் இருக்கிறது. வீட்டுப் பெக் 30 மில்லியாகவும் இருக்கும், 90 ஆகவும் இருக்கும். மில்லி, சதவீதம், ஆல்கஹாலின் அடர்த்தியான 0.789 மூன்றையும் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஆல்கஹால் கிராமில் கிடைத்துவிடும். கர்நாடகக் கடைகளில் விற்கும் 90 மில்லி டெட்ரா பாக்கெட்டில் 42.8 சதவீதம், அதாவது சுமார் 30 கிராம். ஒரு குவார்ட்டரில் 61 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம். 'பீர் மட்டும்தான்' என்பவரின் இரண்டு பாட்டில், ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும்.

இந்த மையத்துக்கே உரிய பலம், நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்து எழுதும் தாள். ஏழு நாள் எழுதி வாங்குகிறார்கள். பீன்யாவில் லேத் ஓட்டுபவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் ஆறரைக்கு முடியும்போது முதுகு வலிக்கிறது, மதியம் ஒரு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை, பஸ் மாறும் நிறுத்தத்துக்கு எதிரிலேயே கடை, வீட்டில் ஒன்பது மணி வரை அவருக்கென்று ஒரு வேலையும் கிடையாது. தாளைப் பார்த்தாலே பசி, முதுகுவலி, வழி, வெற்று நேரம் என்று நான்கு காரணம் தெரிகிறது. நான்குக்கும் தனித்தனி வைத்தியம். ஆறு மணிக்கே சுண்டலோ பன்னோ, ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி வேறு தெரு வழியாக நடை, வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்க் குளியல், நிற்கும் மேடையின் உயரத்தைச் சரிசெய்ய ஒரு யோசனை. ஏழரை மணிக்கு அவரே தேர்ந்தெடுத்த ஒரு வேலை: பிள்ளையின் கணக்கு, பழைய மிக்ஸி ரிப்பேர், எதுவானாலும். முதல் வாரம் 20 நிமிடம் போதும், பிறகு நீட்டலாம். எடுத்த எடுப்பில் இரண்டு மணி நேர ஜிம் என்று எழுதினால் நாலாம் நாள் நின்றுவிடும்.

கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். அளவீட்டையும் பயன்படுத்துகிறார்கள். தனக்கு முக்கியமான வேலைகளை அவரே சொல்லி, எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார். கடைசியில் இரண்டு புள்ளி கூடினால் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம். குடிக்காத நாட்களை மட்டும் எண்ணும் திட்டங்களில் இது கிடைக்காது.

சறுக்கல் இரண்டாம் வாரத்தில் தொடங்குகிறது. தூக்கம் இன்னும் கெட்டிருக்கும், எரிச்சல் இருக்கும், வருபவர் அழுதுவிடுவார். உடனே தாள் ஓரமாகப் போய், முக்கால் மணி நேரமும் அறிவுரையாக மாறிவிடுகிறது. அந்த இளைஞர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. காலையில் 'பிசியோ மேடம்', மத்தியானம் 'கவுன்சலர்', ஆளில்லாத நேரத்தில் ரிசப்ஷன். கதவில் 'ஓ.டி.' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆபரேஷன் தியேட்டரா என்று கேட்கிறார்கள்; தமிழில் 'தொழில்' என்று சொன்னால் வேலை வாங்கித் தருவீர்களா என்கிறார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-ல் தொடங்கிய படிப்பு இது. 1952-ல் இந்தத் துறையின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது இந்தியாவும் தொடக்க உறுப்பினர். இத்தனை காலத்துக்குப் பிறகும் நாலரை வருஷம் படித்து வந்தவர் தினமும் தன் வேலை என்னவென்று விளக்க வேண்டியிருந்தால், பஸ் நிறுத்தத்தை மாற்றச் சொல்வதும் சிகிச்சைதான் என்ற நம்பிக்கை அவருக்கே ஆட்டம் காண்கிறது. பேசுவதுதான் 'உண்மையான' சிகிச்சை போலத் தோன்றுகிறது. நஷ்டம் பணம் கட்டியவருக்கு.

இதற்கு மருந்து மூத்த தெரபிஸ்ட்டின் மேற்பார்வை. இங்கே அவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறார், பேச்சு பெரும்பாலும் பில் பற்றி. வாரம் ஒரு மணி நேரம், இரண்டு பேரின் குறிப்பேட்டையும் திறந்து வைத்து, 'இந்தச் சந்திப்பில் எந்தச் செயலை மாற்றினாய், ஏன்?' என்று கேட்டால் போதும். அழுபவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தாளுக்குத் திரும்புவது கற்றுக்கொடுத்தால் வரும் பழக்கம்தான்.

இன்னும் இரண்டு விஷயங்களை மையம் உடனே மாற்ற வேண்டும். பத்தாம் நாளில், குடியால் கல்லீரலில் ஏறும் என்சைமைப் பார்க்கும் ஜி.ஜி.டி. ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கிறார்கள். அது பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும்; பத்தாம் நாளில் எண்ணைப் பார்த்து மனம் உடைவதுதான் மிச்சம். முப்பதாம் நாளில் எடுத்தால் அர்த்தமுண்டு. அடுத்தது, நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குவது. 'போனது போச்சு' என்று அன்றைக்கே இன்னும் இரண்டு பாக்கெட் வாங்குவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. 19 நாள் குடிக்கவில்லை, ஒரு நாள் குடித்தார் என்று எழுதி, அந்த நாளின் தாளை அரை மணி அரை மணியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இவர்கள் படித்த படிப்பு.

சேருபவர்களுக்குச் சில குறிப்புகள். தாள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருக்கிறது. தமிழில் எழுதுபவர்கள் சொந்த நோட்டில் கோடு போட்டுக் கொண்டுபோகலாம், ஏற்றுக்கொள்கிறார்கள். வீட்டு வருகையை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளாமல் முதல் வாரத்திலேயே கேளுங்கள். அலமாரியில் மிச்சமிருக்கும் பாட்டில் அப்போதுதான் கண்ணில் படும். 31-ம் நாளுக்கு இங்கே திட்டமே இல்லை, ஆகவே 45-ம் நாளுக்கு ஒரு சந்திப்பைச் சேரும்போதே எழுதி வாங்குங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இடங்கள்தான் முதலில் தீரும். குடிக்கத் தோன்றும் நேரமும் அதுதான் என்பதால், அந்த நேரத்தையே கேட்டு வாங்குவது நல்லது.