பழைய ஹைலக்ஸின் முன் சில்லு பெயாரிங்: காசு எங்கே போகிறது

டொயோட்டாவின் எல்என் 106 ஹைலக்ஸ், 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின், முன்னுக்கும் லீஃப் பிளேற்றோடு நேர் அச்சு. முன் ஹப்பில் (சில்லு பூட்டும் நடுக்குடம்) பக்கத்துக்கு இரண்டு டேப்பர் பெயாரிங், அதாவது கூம்பு உருளை பெயாரிங். கழற்றிக் கழுவி, கிரீஸ் போட்டு, திருப்பிப் பூட்டலாம். பின்னால் வந்த வீகோ ஹைலக்ஸில் அந்த வசதி இல்லை, மூடிய யூனிற்றை அப்படியே மாற்ற வேண்டும், அதற்குப் பிரஸ்ஸும் வேண்டும். ஆனால் பழையதில் பெயாரிங் நட்டின் இறுக்கம் மெக்கானிக்கின் கையில். ஒவ்வொரு கையும் ஒரு மாதிரி.

ஓடும்போது ஊளைச் சத்தம் வேகத்தோடு கூடும். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச் சில்லில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். ஜாக் போட்டு, ரயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் சில்லு பெயாரிங். நிற்காவிட்டால் நக்கிளின் (சில்லைத் திருப்பும் மூட்டு) மேல் கீழ் பெயாரிங். இதைப் பார்க்காமல் ஹப்பைத் திறந்து சாமான் மாற்றி, ஆட்டம் அப்படியே கிடப்பது அடிக்கடி நடக்கிற வீண் செலவு.

சாமான் கணக்கு: ஒரு பக்கத்துக்கு உள் பெயாரிங், வெளி பெயாரிங், ஹப் சீல், லொக் வாஷர், ஃப்ரீவீல் ஹப் (முன் சில்லை அச்சோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் மூடி) கேஸ்கற். ஜப்பான் தயாரிப்புக் கிற் வெளிநாட்டில் பக்கத்துக்கு 50 டொலருக்கு மேல்தான். இலங்கையில் 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அந்த மே மாதம் 360ஐத் தொட்டது. 300 என்று வைத்தாலும் பக்கத்துக்கு 15,000 ரூபா, வரியும் கடைக்காரர் இலாபமும் தனி. பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாப் பெட்டியில் உருளைகளின் எஃகும் ஓரங்களும் நம்பத்தக்கவையல்ல. பழைய பெயாரிங்கின் எண்ணை வாசித்து அதையே கேளுங்கள்.

வேலையில் நேரம் தின்பது ஃப்ரீவீல் ஹப். ஆறு நட்டைக் கழற்றினாலும் அது வராது, கோன் வாஷர்கள் (கூம்பு வாஷர்கள்) பிடித்து நிற்கும். நட்டை ஸ்ரட்டின் (நட் ஏறும் மரையாணி) நுனியில் ஏற்றி வைத்துவிட்டு, ஹப்பின் பக்கத்தில் பித்தளைக் கோலால் தட்டினால் கோன்கள் துள்ளி வரும். இரும்புச் சுத்தியலால் நேரே அடித்தால் ஸ்ரட் போகும். உள்ளே பெயாரிங்கைப் பிடிக்கும் இரண்டு நட், 54 மில்லிமீற்றர் சொக்கற். உளியால் தட்டிக் கழற்றும் பழக்கம் பல கராஜ்களில் உண்டு; நட்டின் மூலைகள் தேய்ந்து, அடுத்த முறை நட்டும் உங்கள் செலவில் சேரும். சொக்கற்றை வாங்கி வாகனத்திலேயே வையுங்கள்.

புதிய பெயாரிங்கின் வெளி வளையத்தை ஹப்புக்குள் இறக்கும்போது பழைய வளையத்தையே தள்ளும் துண்டாக வைக்கலாம், ஓரத்தைக் கொஞ்சம் தீட்டிவிட்டு. அடிச் சத்தம் சட்டென்று மாறினால் அடியில் இருந்துவிட்டது. பிறகு ஸ்பிண்டிலை (பெயாரிங் ஏறி நிற்கும் தண்டு) பாருங்கள்: நீலம் பாய்ந்திருக்கிறதா, நகத்தால் வருடினால் படி தட்டுகிறதா? தட்டினால் புதிய பெயாரிங் நிலைக்காது. ஸ்பிண்டிலும் கணக்கில் சேரும்.

இறுக்கம்தான் உயிர். முதலில் உள் நட்டை 59 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பைச் சில சுற்று இரு பக்கமும் சுழற்றுங்கள், நட்டைக் கையால் திருப்பும் அளவுக்குத் தளர்த்துங்கள். பிறகு மெல்ல இறுக்கி, சில்லு ஸ்ரட்டில் மீன் தராசைக் கொழுவி இழுங்கள். 3 முதல் 5½ கிலோவுக்குள் ஹப் அசையத் தொடங்க வேண்டும். பிரேக் பாட் டிஸ்க்கில் உரசினால் இந்தக் கணக்குப் பொய்க்கும், ஆகவே கலிப்பரை (பாட்டை அழுத்தும் பகுதி) கம்பியில் தொங்கவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்குள் அதே பக்கம் மறுபடி போனால் பெயாரிங்கைத் திட்டாதீர்கள். நக்கிள் உருண்டையின் பின்பக்கம் கறுப்பாய்த் தண்ணிப் பதத்தில் ஒழுகுகிறதா பாருங்கள். உள் அச்சுச் சீல் போய், டிஃப்ரன்ஷியல் (அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) ஒயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கிறது. அது ஸ்பிண்டில் வழியாக ஹப்புக்கும் போகும். அந்தச் சீல் மலிவானது, ஆனால் அதை எட்ட ஹப்புக்கும் அப்பால் கழற்ற வேண்டும், கூலி கூடும். பெயாரிங்குக்காகத் திறந்த அன்றே செய்தால் மிச்சம். ஓடிச் சூடேறிய ஹப்போடு வெள்ளத்தில் இறங்குவதும் இதே ஆபத்துத்தான், குளிர்ந்து சுருங்கும் காற்று சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும்.

பூட்டியபின் 20 கிலோமீற்றர் ஓடி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் கூட. 500 கிலோமீற்றரில் மறுபடி ஜாக்கைப் போட்டு ஆட்டிப் பாருங்கள், புது வளையங்கள் இருந்து அமர்ந்தபின் சிறிது தளர்வது சாதாரணம்.