வீடு வாடகைக்கு, என் விலாசம் அல்ல

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் பிளாட்டை இப்போது ஒரு வாடகை முகாமைத்துவ சேவையிடம் ஒப்படைத்திருக்கிறேன். முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவர் பைப் ஒழுகினாலும் நடுஇரவில் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். ஒருநாள் தெஹிவளையில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது குடியிருப்பவர்களுக்கு இந்தச் சேவைக்காரர்களுடைய போன் நம்பர்தான் தெரியும். வாடகையும் இவர்கள் கணக்குக்குப் போய், அப்புறம்தான் எனக்கு வருகிறது. கட்டணம் வாடகையில் 10 வீதம். கூடுதல்தான், ஆனாலும் மனம் நிம்மதியாக இருக்கிறது.

ஒரு குறை. ஒப்பந்தத்தோடு என் அடையாள அட்டையின் போட்டோ கொப்பியையும் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அட்டையில் வீட்டு விலாசம் இருக்கிறது. இலக்கமே பிறந்த தேதியைச் சொல்லிவிடும்: பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். வங்கிக்குப் போன் எடுத்தால் முதலில் கேட்பதும் இவற்றைத்தானே! சொன்னவுடன் கொப்பியை எடுத்துவிட்டார்கள், சரி. ஆனால் இதை நான் சொல்லியா செய்ய வேண்டும்?

வெளிநாட்டில் இருந்துகொண்டு கொழும்பில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் இவர்களை நம்பிக் கொடுக்கலாம். கொப்பி விஷயத்தை மட்டும் கையெழுத்து வைக்க முன்பே பேசிவிடுங்கள்.