டனல் டிரைவரில் பாக்கெட் அளவு: கர்னல் பார்க்கட்டுமா, நாமே பார்ப்பதா?

தரமணியில் நாங்கள் பராமரிக்கும் சின்ன டனல் டிரைவரை (ஒரு நெட்வொர்க் பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் நிரல்) புதிய லினக்ஸ் கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப்பகுதிக்கு, மாற்றும்போது இந்தக் கேள்வி வந்தது. வழி இரண்டு. குறைந்தபட்ச, அதிகபட்ச எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய பைட் அளவு) இவ்வளவு என்று அறிவித்துவிட்டு மீதியைக் கர்னலிடம் விடலாம். இல்லையென்றால் அனுப்பும் ஃபங்ஷனுக்குள் ஒவ்வொரு பாக்கெட்டையும் டிரைவரே அளக்கலாம். நாங்கள் முதல் வழிக்குப் போனோம். இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

வேகத்தை விடுங்கள், ஒரு 'இஃப்' கூடினால் எந்த டனலும் திணறாது. பராமரிப்புதான் பிரச்சினை.

4.10 கர்னலுக்கு முன்பு எம்டியு வரம்பைச் சோதிக்கும் அதே நாலு வரியை டிரைவருக்கு டிரைவர் எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பதிப்பில் சோதனை பொது இடத்துக்குப் போய்விட்டது. லினக்ஸோடு வரும் மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரான டன்னுக்கு யாராவது வரம்பைத் தாண்டி 70000 என்று எம்டியு கொடுத்தால், கட்டளை அங்கேயே பிழையோடு திரும்பிவிடும். ஆனால் வரம்பை அறிவிக்காமல் விட்டுவிடக் கூடாது. ஈதர்நெட்டுக்கான பொது அமைப்பு ஃபங்ஷனைக் கூப்பிடும் டிரைவர் சும்மா இருந்தால் 1500-க்கு மேல் போக முடியாது. கூப்பிடாத டிரைவரில் அதிகபட்சம் பூஜ்யமாக இருக்கும். பூஜ்யம் என்றால் மேல்வரம்பே இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது வழியில், 'நீளம் எம்டியுவைத் தாண்டினால் தூக்கிப் போடு' என்ற வரி பார்க்க அப்பாவியாக இருக்கும். ஜிஎஸ்ஓ (பெரிய தரவைத் துண்டாக்குவதைக் கடைசி வரை தள்ளிப்போடும் வசதி) இயங்கும்போது கர்னல் 64 கேபி வரையிலான தரவை ஒரே பாக்கெட்டாகக் கையில் கொடுக்கும், பிறகுதான் அது துண்டாகும். நம் வரி அதைக் குப்பையில் போட்டுவிடும். சரி, ஜிஎஸ்ஓவுக்கு விலக்கு கொடுக்கிறோம். அப்புறம் விலேன் டேகின் (ஒரே நெட்வொர்க்கைப் பல பிரிவாகப் பிரிக்கும் அடையாளம்) 4 பைட்டுக்கு ஒரு விலக்கு. கர்னல் மாறும்போதெல்லாம் இந்தப் பட்டியலை உட்கார்ந்து சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். தவறினால் பிழைச்செய்தி எதுவும் வராது. வேளச்சேரியில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு எஸ்எஸ்எச் லாகின் ஆகும், சின்னக் கட்டளைகள் ஓடும், பெரிய ஃபைலை காப்பி செய்தால் தொங்கி நிற்கும். கைவிட்ட பாக்கெட்டுகளை எண்ணும் டிராப் கவுண்டர் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆனால் அறிவித்த எம்டியு, டனலின் வெளிப்பாதையை அறியாது. வயர்கார்டு என்ற விபிஎன் டனலின் வழக்கமான எம்டியுவான 1420, 1500-இல் டனல் ஹெட்டருக்காக 80 பைட் கழித்து வந்தது. பிபிபிஓஇ (ஈதர்நெட் மேல் லாகின் செய்து இணையும் முறை) பிராட்பேண்டில் கிடைப்பது 1492. வெளியே ஐபிவி4 என்றால் 60 பைட்தான் கூடும், மொத்தம் 1480, அடங்கும். ஐபிவி6 என்றால் 1500 ஆகிவிடும், அடங்காது. இங்கே பாக்கெட்டை அளந்துதான் ஆக வேண்டும். அளந்தபின் சத்தமில்லாமல் போடாமல், 'பெரிதாக இருக்கிறது' என்று ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழையறிவிப்பு) செய்தியை அனுப்பியவருக்குத் திருப்பிவிட வேண்டும்.

கீழ்வரம்பிலும் நான் டிரைவர் பக்கம்தான். 2024-இல் டன், அதன் உறவான டேப் டிரைவர் இரண்டிலும் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை (பதிவெண் சிவிஇ-2024-41090, 41091), 14 பைட் ஈதர்நெட் ஹெட்டருக்கும் குட்டையான ஃபிரேமை ஒரு பாதையில் சோதிக்காமல் உள்ளே விட்டதுதான். யூசர் ஸ்பேசிலிருந்தோ (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) விர்ச்சுவல் மெஷினிலிருந்தோ வருவதை எம்டியு அறிவிப்பு காப்பாற்றாது.

9000 பைட் ஜம்போ ஃபிரேம் ஓடும் டேட்டா சென்டரில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே என் சாய்வைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். 4.10-க்கு முந்தைய கர்னலையும் தாங்க வேண்டியவர்களுக்கு வேறு வழி கிடையாது, அந்த நாலு வரியை எழுதித்தான் தீர வேண்டும்.